மோர் வேண்டாம் என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்பதும் தெரியாது. பழனிப் பாதயாத்திரையில் ஐந்து நாள்கள் உங்களுக்கு முன்னும் பின்னுமாக நடந்தும் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ள வாய்க்காமல் போனதால்தான் இந்தக் கடிதத்தை இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது. அடையாளம் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். பச்சை வேட்டி, சாம்பல் நிற முதுகுப்பை, அதன் இரு பக்கங்களிலும் தண்ணீர் பாட்டில்கள், பையின் பின்புறம் சிங்கம்புணரியில் காவலர் ஒருவர் ஒட்டிவிட்ட சிவப்பு ஒளிர்பட்டை, காதுகள் இரண்டிலும் வெள்ளை இயர்பட்ஸ். உங்களிடம் எனக்கு ஒரு நன்றி இருக்கிறது, ஒரு வருத்தமும் இருக்கிறது. நன்றியை முதலில் சொல்வதுதான் முறை. ஆனால் வருத்தம்தான் முதலில் நடந்தது.

2025 பிப்ரவரி 11 அன்று தைப்பூசம். அதற்கு ஐந்து நாள் முன்பு, கொட்டாம்பட்டியைத் தாண்டி நத்தம் செல்லும் சாலையில், சமுத்திராபட்டி வருவதற்குச் சற்று முன்னால், இடப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஒரு அப்பத்தா மண்பானையில் மோர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தல் இல்லை, பேனர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு பானை, ஒரு சொம்பு, நான்கைந்து எவர்சில்வர் டம்ளர்கள், கழுவுவதற்கு ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். நீங்கள் எனக்கு முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கண்டதும் அவர் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்து நிற்பது அவருக்குச் சின்ன வேலை அல்ல. இடக்கையை முழங்காலில் ஊன்றி, வலக்கை டம்ளர் தளும்பாமல், இரண்டு முயற்சியில் எழுந்தார். நீங்கள் நடையை நிறுத்தவில்லை. சிரித்தீர்கள், அதையும் நான் சொல்லியாக வேண்டும். கையை அசைத்து, பையிலிருந்த பாட்டிலைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கடந்து போனீர்கள்.

அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்னிடம் இருக்கிறது, இல்லாத வேறு யாருக்காவது கொடுங்கள் என்ற நல்ல எண்ணமாகவே அது இருந்திருக்கும். ஆனாலும் நீட்டிய கை நீட்டியபடி சிறிது நேரம் நின்றது. அதற்குள் நான் வந்துவிட்டேன். "அந்தப் புள்ளை வேணாம்னுருச்சு, நீயாச்சும் குடி சாமி" என்றார். உங்களுக்காக ஊற்றிய மோரைக் குடித்தவன் நான்தான்.

குடித்து முடித்ததும் அவர் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த பதினொரு ரூபாயை என் கையில் வைத்தார். பதினோரு வருடம் நடந்தே பழனிக்குப் போயிருக்கிறாராம். முழங்கால் தேய்ந்து ஏழு வருடமாக முடியவில்லையாம். "உண்டியல்ல போட்டுருங்க சாமி. எனக்கும் சேத்து மலையில ஒரு அரோகரா போடுங்க" என்றார். என் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. திரும்பவும் இந்த வழியாக வந்து, போட்டுவிட்டேன் என்று நான் சொல்லப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு ஒரு சொல் சொன்னார்: "ஒத்தையில போற புள்ளையாச்சேன்னு அதுகிட்டதான் குடுக்க நெனச்சேன்." என் வருத்தம் இதுதான், தம்பி. அந்த முடிச்சு உங்களுக்கு உரியது.

இனி நன்றி. நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், விடிவதற்கு முன்னால், ஒரு லாரி பின்னாலிருந்து இரண்டு முறை ஒலி எழுப்பியும் நீங்கள் விலகாததால் உங்கள் பையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தவன் நான். அப்போதுதான் காதிலிருந்ததைக் கழற்றி, "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டீர்கள். (இந்த ஓர் இடத்தில் மட்டும் பெரியவன் என்ற உரிமையில் கடிந்துகொள்கிறேன்: தை மாதப் பனியில், இரவுச் சாலையில், காதை அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். ஒளிர்பட்டையும் ஒளிரும் குச்சியும் ஓட்டுநருக்கு உங்களைக் காட்டுமே தவிர, ஓட்டுநரை உங்களுக்குக் காட்டா. வண்டிகள் எதிரில் வரும் பக்கமாக நடப்பது இன்னும் நல்லது.) அதற்கு மறுநாள் இரவு ரெட்டியார்சத்திரத்தில் ஒரு மண்டபத்துத் திண்ணையில் நாங்கள் படுத்திருந்தோம். என் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து, அதன் மேல் மணல் ஏறி, காலைத் தரையில் வைக்க முடியாத நிலை. விடிகாலை கண் விழித்தபோது என் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டர் சுருளும் பாதி தீர்ந்த களிம்புக் குழாய் ஒன்றும் இருந்தன. எங்கள் குழுவில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த ஒருவர், காதில் வெள்ளையாக மாட்டியிருந்த பையன் ஒருவன் வந்து வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனான் என்றார். அந்தப் பிளாஸ்டர் இல்லையென்றால் ஒட்டன்சத்திரத்தில் பேருந்து ஏறியிருப்பேன். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆகவே, நீங்கள் கல்நெஞ்சர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். இருட்டில், பெயர் சொல்லாமல், நன்றிக்குக்கூட இடம் வைக்காமல் கொடுக்கத் தெரிந்தவர் நீங்கள். உங்களுக்குக் கைவராதது வாங்குவது. இதை நான் குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை, ஏனென்றால் என் முதல் யாத்திரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அது 2006. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தேன். மாதச் சம்பளக்காரன் என்ற எண்ணம் தலையில் நன்றாகவே ஏறியிருந்தது. யார் வீட்டிலும் கை நனைக்காதே என்று சொல்லிச் சொல்லி என் தகப்பனார் என்னை வளர்த்திருந்தார். குன்றக்குடியில் புறப்படும்போதே இரண்டு நாளைக்குத் தாங்கும் புளியோதரை, மூன்று லிட்டர் தண்ணீர், முறுக்கு, கடலை மிட்டாய், போர்வை, டார்ச் லைட் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கிளம்பினேன். திருப்பத்தூரில் பொங்கல் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். அங்கிருந்து சிங்கம்புணரி போகும் வழியில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள், பழக்கமில்லை என்றேன். தையல் தொழில் செய்யும் எங்கள் குருசாமி அதுவரை பார்த்துக்கொண்டே வந்தவர், சிங்கம்புணரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தள்ளி நின்று என் பொட்டலத்தைப் பிரிப்பதைக் கண்டு, "ஏஞ் சாமி, யாருக்கும் கடன்படாமப் பழனி போகணும்னா பஸ்ல போயிருக்கலாம்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. ஆனாலும் அந்தக் கூழை அன்று வாங்கிக் குடித்தேன். வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுத்த அந்த வீட்டு அம்மாள், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "வாத்தியாரா?" என்று கேட்டார். இல்லை என்று ஆரம்பித்த பேச்சு, அவர் மகன் வங்கிக் கடனுக்கு அலைவதில் போய் நின்றது. என்ன தாள்கள் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கூழ் குடிக்காமல் போயிருந்தால் அந்தக் காகிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் என் பை இளைத்துக்கொண்டே வந்தது. இப்போது ஒரு மாற்று வேட்டி, துண்டு, போர்வை, மாத்திரை, அவ்வளவோடு நடக்கிறேன். இதைப் பக்தியின் முதிர்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம்; பாதி முதுகுவலி. மீதிப் பாதி, கையில் ஏதாவது ஒன்று குறைவாக இருந்தால்தான் வழியில் மனிதர்களோடு பேச்சு தொடங்குகிறது என்று கண்டுகொண்டது. உப்பு கேட்கலாம், ஊசி கேட்கலாம், இன்றைக்குப் படுக்க இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். எதுவும் கேட்கத் தேவையில்லாதவனிடம் எதிரில் இருப்பவர் என்னதான் பேசுவார்?

அறிமுகமில்லாதவர்களிடம் எப்படிப் பேசத் தொடங்குவது என்று தயங்கித்தான் நீங்கள் காதை மூடிக்கொண்டீர்களோ என்றும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அப்படியானால், இந்தச் சாலையில் அது உலகத்திலேயே எளிய காரியம் என்று சொல்வேன். பெயர் தேவையில்லை, எல்லாருக்கும் ‘சாமி’ என்ற ஒரே விளிதான். ஐந்து வயதுக் குழந்தையும் சாமி, எழுபது வயதுக் கிழவரும் சாமி. கேள்விகள்கூட வரையறுத்து வைத்தவை போலத்தான் இருக்கும்: எந்த ஊர், எத்தனையாவது வருடம், இன்றைக்கு எங்கே தங்கல், கால் எப்படி இருக்கிறது. இந்த நான்கையும் நீங்களும் கேட்கலாம், உங்களிடமும் கேட்பார்கள். நான்காவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். என்ன வேண்டுதல் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது எழுதப்படாத கட்டுப்பாடு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாரும் காக்கிறார்கள்.

கேட்காவிட்டாலும் சிலர் சொல்வார்கள், பெரும்பாலும் இருட்டில். எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை, தோளோடு தோளாக ஒரே திசையைப் பார்த்து நடக்கும்போது சொல்லிவிட முடிகிறது. முகம் தெரியாது, நடை மட்டும்தான் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன், ரெட்டியார்சத்திரத்துக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே, அதிகாலை மூன்று மணி இருக்கும், என் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒருவர் முன்னுரை ஏதுமின்றித் தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளாகத் தந்தையும் மகனும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்களாம். காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். நானும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சிறிது தூரம் போனதும் அவர், "வேல் வேல்" என்றார், நான் "வெற்றி வேல்" என்றேன். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் விளக்கு வெளிச்சம் வந்தபோது, நாற்பது வயதுக்குள் இருப்பார் என்று நான் நினைத்திருந்த அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்ததைக் கண்டேன். அங்கே தேநீர் குடித்தோம், காசை அவர் கொடுத்தார், நான் தடுக்கவில்லை. பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இந்தச் சாலையில் எல்லாம் தேனும் பாலுமாக இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். ‘சாமி’ என்ற சொல் சாதியை மூடுகிறது, அழிப்பதில்லை. எந்த ஊர் என்று கேட்டவர், ஊரில் எந்தத் தெரு என்று அடுத்துக் கேட்டால் அவருக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று இந்தப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு, "முருகன் தெரு" என்று எங்கள் குருசாமி பதில் சொல்வார். கேட்டவர் அசட்டுச் சிரிப்போடு நகர்ந்துவிடுவார். ஒரே திண்ணையில் படுத்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து நடந்தவர்களில் சிலர் பழனிப் பேருந்து நிலையத்தில் பழைய மனிதர்களாகத் திரும்பிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆறு ஏழு நாள்களில் எந்தத் தெருவின் கூழையும் எல்லாருமாகக் குடித்ததும் உண்மைதான். அதை நான் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட மாட்டேன்.

கொடுப்பதிலும் ஓசை கூடிவிட்டது. 2021இல் தமிழக அரசு தைப்பூசத்தைப் பொது விடுமுறை ஆக்கிய பிறகு கூட்டம் பெருகியிருப்பதாக என் கண்ணுக்குப் படுகிறது, பந்தல்களும் பெருகியிருக்கின்றன. திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டால் கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தல். கேசரி, சுண்டல், தக்காளிச் சாதம், கரும்புச் சாறு என்று கையில் திணிக்கிறார்கள். திணிப்பதைப் படம் எடுக்க ஒருவர் நிற்கிறார். இரண்டு வாய் உண்ட தட்டுகளும் காகிதக் கோப்பைகளும் சாலையோரம் குவிந்து கிடக்கின்றன. அங்கே நீங்கள் வேண்டாம் என்று கையசைத்ததையும் பார்த்தேன், அது சரிதான். பசியில்லாதவன் வாங்கி எறிவதைவிட அது மேல். நான் சொல்வது அந்தப் பந்தல்களைப் பற்றி அன்று. கொட்டாம்பட்டிக்கும் நத்தத்துக்கும் இடையில், கரந்தமலைப் பக்கத்துச் சின்ன ஊர்களில், தம் வீட்டு வாசலில் தமக்கு முடிந்ததை வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். நகரத்தார் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குன்றக்குடியிலிருந்து இரத்தின வேலோடும் சர்க்கரைக் காவடிகளோடும் நடந்து, காவடி செலுத்திவிட்டு நடந்தே திரும்பும் வழி இது. எத்தனை தலைமுறையாக அந்த வீடுகளின் வாசலில் யாரோ ஒருவர் வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்! அவர்களுக்கு நாம் அந்நியர் அல்லர். தை மாதம் வந்தால் வர வேண்டியவர்கள்.

நம் பழைய பாட்டுகளில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு என்பது பள்ளியில் படித்து உங்களுக்கு நினைவிருக்கலாம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அந்த வகை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், பசித்து வாடி வரும் இன்னொருவனை வழியில் கண்டு, நான் இன்னாரிடம் போனேன், இன்னின்ன பெற்றேன், நீயும் இந்த வழியாகப் போ என்று சொல்வதுதான் அதன் அமைப்பு. முன்பின் தெரியாத இருவர் நடுவழியில் நின்று பேசும் பேச்சு அது. மாணவனாக இருந்தபோது அதில் வள்ளலின் பெருமையை மட்டும்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நடக்கத் தொடங்கிய பிறகுதான் பேசுகிறவனைக் கவனித்தேன். அவன் வாங்கியவன், வாங்கினேன் என்று கூசாமல் சொல்கிறவன், அதனால்தான் அவனால் இன்னொருவனுக்கு வழி சொல்ல முடிகிறது. திருமுருகாற்றுப்படையில் பொன்னுக்கும் பொருளுக்கும் பதிலாக முருகன் அருளைப் பெறுவதற்கு வழி சொல்லப்படுகிறது. அதில் வரும் ஆவினன்குடி, நீங்களும் நானும் போய்ச் சேர்ந்த அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

கடைசி நாள் உங்களை ஆயக்குடியில் பார்த்தேன். சாலையோரம் கொய்யாப் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி, விலைக்கு அல்ல, சும்மா நீட்டினார். நீங்கள் ஒரு கணம் தயங்கினீர்கள். பிறகு வலது காதிலிருந்ததை மட்டும் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டீர்கள். அவர் ஏதோ கேட்டார், நீங்கள் ஏதோ சொன்னீர்கள், இருவரும் சிரித்தீர்கள். நான் வேகமாக வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை. சண்முக நதியில் கூட்டத்துக்குள் உங்களைத் தேடினேன். படியேறும்போதும் தேடினேன். அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று படி என்பார்கள். கொப்புளக் காலோடு ஏறினால் கணக்கு வேறாகத்தான் இருக்கிறது. மலைமேல் அப்பத்தாவின் பதினொரு ரூபாயை முடிச்சு அவிழ்க்காமல் உண்டியலில் போட்டேன். அவருக்காக ஓர் அரோகரா போட்டேன். அடுத்து ஒன்று போட்டேன், அது உங்களுக்கு. என்ன வேண்டிக்கொண்டு நடந்தீர்கள் என்று எனக்குத் தெரியாததால், எதுவாக இருந்தாலும் சரி என்று சேர்த்துக்கொண்டேன்.

பிளாஸ்டர் சுருளில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது, களிம்பு தீர்ந்துவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்கும் வழக்கம்போல் குன்றக்குடியிலிருந்து நடப்பதாக இருக்கிறேன், கால் இருந்தால். சுருளைப் பையில் வைத்திருப்பேன். வழியில் யாராவது ஒரு கிழவர் ஆள் மாற்றி ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நொண்டி நடப்பதைக் கண்டால், எத்தனையாவது வருடம் என்று கேளுங்கள். இருபத்தொன்று என்று சொன்னால் அது நான்.

சமுத்திராபட்டிக்கு முன்னால் இருக்கும் அந்தப் புளியமரத்துக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி மோர் சற்றுப் புளித்துவிடுகிறது.

அன்புடன்,
உங்கள் மோரைக் குடித்தவன்